எங்க ஊர் மழை

வறண்ட தீவொன்றிலிருந்து கிழங்காக வந்த மழைலில்லி, மொட்டை மாடித் தொட்டியில் பூக்காமலே இருந்தது.

"தினமும் தண்ணி ஊத்துறாங்களே, அப்புறம் என்ன?" என்றது பக்கத்துத் தொட்டிக் குரோட்டன்ஸ்.

"இது தண்ணி. எங்க ஊர்ல பெய்யிறது மழை. மாசக்கணக்கா காஞ்சு கிடப்போம். திடீர்னு ஒருநாள் கொட்டும். அப்புறம் பாறை இடுக்கெல்லாம் பூதான்."

"ஆரம்பிச்சிட்டியா ஊர்ப் பெருமைய!"

கோடையில் வீட்டுக்காரி வெளியூர் போய்விட்டாள். தொட்டி மண் வெடித்தது. குரோட்டன்ஸ் ஒவ்வொரு இலையாக உதிர்த்தது.

"பயமா இருக்கு."

"எங்களுக்கும் இருக்கும்" என்றது லில்லி.

திரும்பி வந்தவள் பதறிப்போய் வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். குரோட்டன்ஸ் மூச்சுவிடாமல் குடித்தது. பிறகு, மிஞ்சிய ஒற்றை இலையில் நீர் சொட்ட, மெதுவாகக் கேட்டது:

"இதுதான் உங்க ஊர் மழையா?"

லில்லி மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.