பதினோரு வருட அனுபவம்

“எத்தனை வருஷமா இந்த இருமல்?” என்று மேலாளர் கேட்டார்.

“நாலு வருஷமா சார். தூசியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் கேட்ல வாட்ச்மேன் வேலை கேட்கிறேன். வீட்ல ரெண்டு பொண்ணுங்க.”

“உங்களால விசில்கூட ஊத முடியாதேய்யா!” மேலாளர் உச்சுக் கொட்டினார். “மனுஷனை இப்படிச் சக்கையாப் பிழிஞ்சு அனுப்பியிருக்கானே, எந்தக் கம்பெனிக்காரன்? அவனையெல்லாம் சும்மா விடலாமா?”

வந்தவர் அனுபவச் சான்றிதழை நீட்டினார். பஞ்சு பிரிக்கும் பிரிவில் பதினோரு வருடம். கீழே இதே மேலாளரின் கையெழுத்து இருந்தது.

“நம்ம மில்லா? உங்களை நான் பார்த்ததே இல்லையே!”

“தினமும் வணக்கம் வெச்சிருக்கேன் சார். அப்ப பஞ்சு என் மேல இருந்துச்சு. இப்ப உள்ள போயிடுச்சு, அதான் அடையாளம் தெரியல.”