ஐஸ் ஒத்தடம்

“அழுத்தாதீங்க. சும்மா மேல வச்சிருந்தாலே போதும்” என்று கட்டிலில் படுத்திருந்தவர் பல்லைக் கடித்தார். அவருடைய வலது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

நீல ஏப்ரன் கட்டியிருந்தவர், துண்டில் சுற்றிய ஐஸை அந்த முட்டியின் மேல் பொறுமையாக நகர்த்தினார். “அந்த லிஃப்டை எப்பத்தான் சரி பண்ணித் தொலைக்கப் போறாங்களோ! மாடிப்படியில ஏறி இறங்கினா முட்டி என்னத்துக்கு ஆகும்?” இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நரை.

வாசல் மணி அடித்தது. ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் ரகம் இல்லை போலிருக்கிறது, விடாமல் அடித்தது. கட்டிலில் இருந்தவர் அவசரமாகப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

வந்தவர் ஹோம் நர்சிங் கம்பெனியின் புது சூப்பர்வைசர். போன மாதம் வரை சோபா விற்றுக்கொண்டிருந்தவர். உட்காரும் சாமானை விற்றவருக்கு, நின்றுகொண்டே வேலை செய்பவர்களை அதட்டும் உத்தியோகம் கிடைத்திருந்தது.

“என்ன சிஸ்டர், ஏப்ரன்ல இவ்வளவு ஈரம்?” என்று ஏப்ரன்காரரிடம் எரிந்து விழுந்துகொண்டே உள்ளே நுழைந்தார். “பேஷன்ட் எங்க? ஓ, இவங்கதானா!”

கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. நடுவில் மற்றவர்கள் வாய் திறக்க அவர் இடமே வைக்கவில்லை.

“இல்லைங்க மேடம், வந்து...” என்று ஏப்ரன்காரர் ஆரம்பித்தார்.

“இழுக்காதீங்க சிஸ்டர். போன வாரம் ஒருத்தி இப்படித்தான் இழுத்தா. கடைசியில பாத்தா அவளுக்கே மூட்டு வலியாம்! அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டேன். மூட்டு வலிக்காரங்களைப் பாத்துக்க மூட்டு வலிக்காரியை அனுப்பினா கம்பெனி மானம் கப்பலேறிடாதா?”

ஏப்ரன்காரர் வாயை மூடிக்கொண்டார். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சூப்பர்வைசர் அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார். பிறகு கட்டிலருகே வந்து, ஏதோ குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல ஐஸைச் சுட்டிக் காட்டினார்.

“இதென்ன? மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம்தானே குடுப்பாங்க? வெந்நீர் போட சோம்பேறித்தனமா?”

ஏப்ரன்காரர் திருதிருவென்று விழித்தார். பதில் கட்டிலிலிருந்து வந்தது.

“காலையில இறுகிப் போயிருந்தா வெந்நீர்ம்மா. வீங்கியிருந்தா ஐஸு. அதையும் துணி சுத்தித்தான் வைக்கணும், இல்லன்னா தோலு புண்ணாயிடும்.”

“பாருங்க, பாருங்க! பேஷன்ட்டுக்குத் தெரியுது, சம்பளம் வாங்கற உங்களுக்குத் தெரியல. இவங்களையே நர்ஸா வச்சுக்கலாம் போலிருக்கே!” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கையிலிருந்த செல்போன் நழுவித் தரையில் விழுந்தது.

அதை எடுக்க அவர் குனியவில்லை. ஏப்ரன்காரரைப் பார்த்தார். ஏப்ரன்காரர் நாற்காலியை ஒரு கையால் பிடித்து, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி முதுகை வளைக்காமல் மெல்லக் குனிந்து, மெல்ல நிமிர்ந்து, போனை நீட்டினார்.

“உங்களுக்கென்ன, முட்டி கல்லு மாதிரி இருக்கு. வலிக்கிறவங்க கஷ்டம் உங்களுக்கெல்லாம் எங்க புரியப் போகுது?” நன்றி சொல்வதற்குப் பதில் இதைச் சொன்னார். “சரி, இவங்களை எழுப்பி நாலு எட்டு நடக்க வைங்க. ஆபீஸுக்கு வீடியோ அனுப்பணும்.”

சொல்லிக்கொண்டே போர்வையின் நுனியைப் பிடித்தார். கட்டிலில் இருந்தவர் இரண்டு கைகளாலும் அதை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

“வேணாம்மா... ஐஸ் வச்சது குளிருது.”

ஏப்ரன்காரர் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். இதுவரை இல்லாத கோபம் குரலில் ஏறியிருந்தது. “கையை எடுங்க மேடம். வீங்கின காலோட இவங்க நடந்ததெல்லாம் போதும். உங்க வீடியோவுக்காக இவங்க உயிரை விடணுமா?”

“அடேங்கப்பா, வாய் காது வரைக்கும் நீளுதே!” சூப்பர்வைசரின் முகம் சிவந்தது. “அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த சிஸ்டரை இந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

கட்டிலில் இருந்தவர் ஏப்ரன்காரரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அய்யோ, வேணாம்மா. இத்தனை வயசுல என் காலை இப்படி எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டவங்க வேற யாருமே இல்ல. என்னை இவங்ககிட்டேர்ந்து பிரிச்சிடாதீங்க.”

ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடும் வாய்ப்பு கைநழுவிப் போனதில் சூப்பர்வைசருக்கு ஏமாற்றம். அதை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

“தப்பிச்சீங்க சிஸ்டர். உங்க வேலை இந்த அம்மா போட்ட பிச்சை. அதை ஞாபகம் வச்சுக்கிட்டு ஒழுங்கா இருங்க” என்று விரலை ஆட்டிவிட்டு வெளியேறினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி, என் முட்டி!” என்று முனகியபடி அவர் படியிறங்குவது மாடி முழுக்கக் கேட்டது.

ஏப்ரன்காரர் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். கட்டிலில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலியையும் பார்க்காமல் பதறி எழப் பார்த்தார். போர்வை நழுவியதில் உள்ளே கம்பெனிச் சீருடை தெரிந்தது. ஏப்ரன்காரர் அவர் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தார். துண்டை உதறி, புது ஐஸைச் சுற்றினார்.

“பேசாம படு சிஸ்டர், இன்னொரு முட்டி பாக்கி இருக்கு.”