மலை மாறிய பூச்சி

"பொய் சொன்னியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

ஜீப்பை விட்டு இறங்கிய வேகத்திலேயே கேட்டாள் நஜாத். சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. மலையில் கல் தோண்டிப் பிழைக்கும் அந்த அல்நீஃப் ஊரில் பகையாளி வீட்டுக்குள் கூட யாரும் இப்படி நுழைவதில்லை. ஆனால் அவள் இருந்த கோபத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பது?

தோண்டி எடுத்த கல்லை முற்றத்தில் ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்த ஹம்மூ, ஊசியைக் கீழே வைத்தான்.

"சொன்னேன், லல்லா." அம்மா என்பதுபோல மரியாதைக்கு அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மழுப்புவான் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இது இன்னும் எரிச்சலாக இருந்தது. பையிலிருந்து அந்த ட்ரைலோபைட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு கடலடியில் ஊர்ந்து, கல்லாகிப்போன பூச்சி. தலையிலிருந்து வால்வரை ஒரு முள்கூட உடையவில்லை.

போன வருஷம் ஹம்மூதான் பஸ் ஏறித் தலைநகர் ரபாத்துக்கு வந்து, அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழக வாசலில் நின்று அதைக் கொடுத்தான். 'மேற்கு மலையில எடுத்தது' என்றான். பிறகு அவளை நேரே மலையடிவாரத்துக்கு வரச் சொல்லி, ஒரு குழியையும் காட்டினான். நஜாத் நம்பினாள்.

இந்தப் பூச்சியால் ஆழ்கடலைத் தாண்ட முடியாது. அப்படியும் அமெரிக்கப் பாறையில் இதே பூச்சி கிடைக்கிறது என்றால், ஒரு காலத்தில் அந்தக் கரையும் இந்தக் கரையும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எந்தக் காலத்தில்? பூச்சி கிடந்த பாறையின் வயதுதான் அதைச் சொல்லும். நஜாத் மேற்கு மலையின் வயதைப் போட்டுக் கட்டுரை எழுதினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் யாரோ பூச்சியின் அடியில் ஒட்டியிருந்த கல்லைச் சுரண்டிச் சோதித்தார்கள். அது மேற்கு மலையின் கல்லே இல்லை.

"நீ ஒரு மலையை மாத்திச் சொன்னே. எனக்கு ஐம்பது லட்சம் வருஷம் தப்பாப் போச்சு! பதினோரு வருஷ உழைப்பு ஹம்மூ. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். மாணவங்க முன்னால தலை நிமிர முடியலை."

"ஹம்மூ ஒரு பொய்யன், அவன்தான் ஏமாத்தினான்னு என் பேரைப் போட்டே எழுதிடுங்க, லல்லா."

"எழுதி என்ன ஆகப்போகுது? இடம் தெரியாட்டி இது வெறும் கல்லு. இப்பவாவது நிஜமான இடத்தைச் சொல்லு, நான் பிழைச்சுக்கிறேன்."

"அதை மட்டும் கேக்காதீங்க."

"ஏன் சொல்லுவே? வேற எவனும் வந்து தோண்டிடக் கூடாது, அதானே? நல்ல குழி கிடைச்சா கூடப்பிறந்தவனுக்கே சொல்லாத ஆளுங்களாச்சே நீங்க!"

ஹம்மூ மறுபடி ஊசியைக் கையில் எடுத்தான். அவன் தம்பி மனைவி யம்னா, புதினா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நஜாத் அதைத் தொடவில்லை.

"ஸைதைக் கூப்பிடு. உன் தம்பி உன்னை மாதிரி கல்லுளிமங்கன் இல்லை. கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவான்."

"அவன் அகாதிருக்குப் போயிருக்கான். படகு வேலைக்கு."

"எப்ப வருவான்?"

"வருவான்... கொஞ்ச நாள் ஆகும்."

"வரமாட்டார்" என்றாள் யம்னா.

"நீ உள்ளே போம்மா!"

அவள் போகவில்லை.

"அந்த இடம் சிவப்பு மலையில இருக்கு. இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. அதுக்கு ஸைத் குழின்னே பேராயிடுச்சு."

நஜாத்துக்குப் புரியவில்லை. "அப்ப எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க?"

"மழை பெஞ்சா மண்ணு சரியும்னு பத்து நாளைக்கு இங்க எவனும் குழியில இறங்கமாட்டான். போன வருஷம் நீங்க வந்திருந்தப்ப பெஞ்ச மழைக்கு, என் புருஷன் மறுநாளே இறங்கினார். நீங்க ரபாத்துக்குக் கிளம்பறதுக்குள்ள உங்க கையில கொடுத்துடணும்னு. உடைஞ்ச வால் துண்டு ஒண்ணை வெச்சுக்கிட்டு, இதே இடத்துல உக்காந்து சொன்னீங்களாமே, 'முழுசா ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதும் ஸைத், ஆயுசுக்கும் வேற எதுவும் கேக்கமாட்டேன்'னு."

சொன்னாள்தான். சிரித்துக்கொண்டே சொன்னாள். போகிற இடத்திலெல்லாம் தோண்டுகிறவர்களிடம் சொல்வதுதான் அது.

"குழி சரிஞ்சது நீங்க கிளம்பினப்புறம்தான் தெரிஞ்சுது. மண்ணைத் தள்ளி அவரை வெளிய எடுத்தப்ப, தலைப்பாகைத் துணியில எதையோ சுத்தி வயித்தோட அணைச்சுக்கிட்டுக் கிடந்தார். இந்தக் கல்லுதான்."

நஜாத் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷ உழைப்பு என்று கத்தியதை நினைக்க, அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை, ஹம்மூ?"

ஹம்மூ யம்னாவிடம்தான் திரும்பினான். 

"ஏம்மா சொன்னே? அந்தம்மா இனிமே எப்படித் தூங்குவாங்க? அதுக்காகத்தானே நான் மலையையே மாத்தினேன்!"