அரைச் சுற்று

"ஸ்பேனரைக் கீழ வைய்யா ஹார்லன். சூப்பர்வைசரே போல்ட் முடுக்கினா எங்க ஆளுங்க வேடிக்கை பார்க்கவா?" எங்கள் தொழிற்சாலை யூனியன் தலைவர் லெனர்ட் போட்ட கூச்சல், அமெரிக்காவின் டொலீடோ நகரில் எங்கள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கையைக் காக்கிற தகடு ஆடுதுப்பா. இரும்பை அமுக்கற இந்த பிரஸ் மெஷினை நிறுத்த மேனேஜர் விட மாட்டேங்கறார். அரைச் சுற்று போதும்."

"ஒப்பந்தப்படி அது ஃபிட்டர் வேலை. அவன் திங்கக்கிழமை லீவு முடிஞ்சு வருவான்."

ஹார்லன் ஒரு பட்டியலை நீட்டினார். "நாளைக்கு ஓவர்டைம்ல இதுல நிக்கறது யாருன்னாவது பாரு."

"யார் நின்னா என்ன? ஒப்பந்தம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஹார்லன் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, வெள்ளிக்கிழமைதோறும் சர்ச்சில் நடக்கும் மீன் விருந்தில் லெனர்டின் வெற்றிக்கு நாங்கள் கை தட்டினோம். நான் பீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை தகடு கழன்று விழுந்தது. பிரஸ் இறங்கியதில், அங்கே நின்ற டெனிஸின் இடது கையில் மூன்று விரல்கள் போயின.

டெனிஸ் லெனர்டின் ஒரே மகள்.

திங்கட்கிழமை ஃபிட்டர் வந்தார். ஒப்பந்தப்படி அரைச் சுற்று முடுக்கினார்.

அடுத்த வருடம் டெனிஸ் அந்த ஃபிட்டரையே கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். இடது கையில் போட வேண்டிய கல்யாண மோதிரத்தை வலது கையில்தான் போட முடிந்தது.