இரண்டு திரைக்கு ஒரு நாற்காலி

லேப்டாப்பை டாக்கிங் ஸ்டேஷனில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

மேஜைமேல் இருந்த இரண்டு மானிட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தன. இடப்பக்கம் கியர்பாக்ஸின் வரைபடம். வலப்பக்கம் உதிரிபாகப் பட்டியல், கட்டம் கட்டமாக, காலியாக.

என் முதுகுக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து வந்த டைரக்டர். அவருக்குப் பக்கத்தில் எங்கள் மேனேஜர் பாஸ்கரன், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்காரர் மாதிரி கையைப் பிசைந்து சிரித்துக்கொண்டு.

சுவரோரம் அதியா நின்றிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் சிப்காட் தொழிற்பேட்டையிலேயே இந்த ஏற்பாடு நம் கம்பெனியில்தான் என்று பாஸ்கரன் பீற்றிக்கொள்வார். எனக்கென்ன தெரியும். அட்டெண்டர் பெருமாள் அந்த ஸ்டேஷனை லேப்டாப்போட கட்டில் என்பார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

அதுவரை இது இருவர் வேலை. வரைபடத் தாளைப் பார்த்து ஒருத்தி எண்களைப் படிப்பாள், இன்னொருத்தி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். காலையில் அதியா படித்தால் மத்தியானம் நான். இப்போது இரண்டு திரை வந்துவிட்டது. இதைப் பார்த்து அதில் அடிக்க ஒருத்தி போதும் என்று பாஸ்கரன் முடிவு கட்டிவிட்டார்.

அன்று நான் தனியாக அடித்துக் காட்டிவிட்டால், மறுநாள் முதல் அதியாவுக்கு வேலை இல்லை.

அவள் அப்பா கௌஸ் மொய்தீன் லாரி ஓட்டியவர். இடுப்பில் அடிபட்டுப் படுத்து ஒரு வருஷம். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான். பாஸ்கரனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அறுபது வரிகளை இருபது நிமிஷத்தில் முடித்தேன். "சபாஷ் முனிலட்சுமி! திங்கக்கிழமையும் இப்படியே பண்ணிடு. உன்னைப் பர்மனெண்ட் பண்ணிடலாம்" என்றார் பாஸ்கரன்.

ஞாயிறு முழுக்க எனக்கு எரிச்சல். அனுப்புவதென்றால் அவர் வாயால் சொல்லி அனுப்பட்டுமே! கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, நான் குத்தும்போது அவர் கைதட்டுவாராம். நல்லா இருக்குதே நியாயம்!

அடிக்கத் தொடங்கினேன். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் விரலை எடுத்துவிட்டேன்.

எழுந்துபோய் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டேன். தரையில் உரசி அது கிறீச்சென்று அலறியது. அலறட்டும்.

திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "மூணாவது வரி. நம்பரைப் படி."

யாரைச் சொன்னேன் என்று எல்லோருக்கும் புரிந்தது. அதியா பாஸ்கரனைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள்.

டைரக்டர் முன்னால் குனிந்தார். "ஒப்பரே மாடக்காகல்வா?" ஒருத்தரால் முடியாதா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஆகல்லா சார்" என்றேன் நானும் கன்னடத்திலேயே.

பாஸ்கரனுக்கு முகம் செத்துப்போனது. "என்னம்மா இது, சனிக்கிழமை பண்ணியே!"

"பண்ணேன் சார். அதுல ஏழு தப்பு இருக்குது. பாருங்க."

சனிக்கிழமைப் பட்டியலை வலப்பக்கத் திரையில் திறந்தேன். வரைபடத்தில் இருபத்தொரு பல் உள்ள சக்கரத்துக்குப் பட்டியலில் இருபத்தேழு. பன்னிரண்டு மில்லிமீட்டர் துளைக்கு இருபத்தொன்று. இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் டைரக்டருக்குத் தேடும் சிரமமே இல்லை. அந்த வகையில் நல்ல சாமான்தான், குறை சொல்லக் கூடாது.

"இதை நம்பி ஒர்க்ஷாப்பில் இரும்பை வெட்டியிருந்தால்?" என்று அவர் பாஸ்கரனைக் கேட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருஷத்தில் ஒரு எண் பிசகியவள் இல்லை நான். அந்தப் பார்வை சுருக்கென்று தைத்தது. தாங்கிக்கொண்டேன்.

அன்று காலை எங்கள் ஊர் உத்தனப்பள்ளியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பெருமாளிடம் சாவி வாங்கி, அந்த ஏழு தப்பையும் என் கையாலேயே ஏற்றியிருந்தேன்.

"ரெண்டு பேருமே இருக்கட்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு டைரக்டர் கிளம்பினார். பர்மனெண்ட் பேச்சும் அவரோடு கிளம்பிப் போனது.

அவரைக் கார்வரை அனுப்பிவிட்டு வந்த பாஸ்கரன் என் மேஜைமேல் கையை ஊன்றினார். அதியாவுக்குக் கேட்கிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உனக்கும் இவளுக்கும் ஆவாதுன்னு கம்பெனிக்கே தெரியும். அதுக்காகத்தானே உன்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. என் தங்கைக்குக் கூடிவந்த வரனைப் பற்றி கேண்டீனில் வாய்க்கு வந்ததைப் பேசியவள் அதியா. அது மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போய், சம்பந்தமே தட்டிப்போனது. எட்டு மாதமாக எங்களுக்குள் வரைபடத்து எண்களைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அவளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

"ஆவாதுதான் சார், இன்னிக்கும் ஆவாது" என்றேன். "அது எங்க ரெண்டு பேரு சண்டை. நடுவுல உங்களுக்கு என்ன சோலி?"