நல்ல கிராக்கி

“நான்தான் முதல்ல கை வச்சேன். விடுங்க டாக்டர்!”

“கை வச்சா ஆச்சா? நேத்தே போன்ல சொல்லி வச்சிருக்கேன். இவரையே கேளுங்க.”

‘இவர்’ என்று காட்டப்பட்ட கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முழங்கால் கடக்கென்று சத்தம் போடும். போதாக்குறைக்கு அது வேறா என்று உட்கார்ந்தே இருந்தார்.

இந்தக் காலத்தில் சி.டி. கடை நடத்துவதே வீம்புதான். ஊரில் மிச்சமிருப்பது இந்த ஒரு கடை. படியேறி வருவது சங்கீதப் பைத்தியங்கள் மட்டும். அதிலும் இந்த இரண்டும் முற்றிய கேஸ். ஒருவர் எதிர்ச் சாரிப் பல் டாக்டர். இன்னொருவர் ரிட்டயரான கணக்கு டீச்சர்.

சண்டை, பெரிய பாடகி ஒருவரின் புதுப் பதிவுக்காக. சின்னக் கம்பெனி, சி.டி.யாக மட்டும்தான் போட்டிருந்தது. போனில் தேடினால் கிடைக்காது. வந்த பெட்டி மொத்தத்தையும் இவர்கள் இருவருமே போட்டி போட்டு நாலும் ஐந்துமாக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இன்று மிச்சம் இரண்டு.

பதுக்கல்தான், வேறென்ன? நாளைக்குக் கிடைக்காமல் போனதும் யானை விலை குதிரை விலைக்கு விற்பார்கள். போன வாரம் ஒருத்தர், “அந்தம்மா பாட்டுன்னா எனக்கு உயிர் சார், ஒண்ணே ஒண்ணு குடுங்க” என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் கையில் ஐந்து இருந்தது. மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்றுவிட்டார்.

கடைக்காரருக்கு அன்றைக்கே வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டார். ஆறு மாதத்தில் கடையில் ஓடிய சரக்கு இது ஒன்றுதான். இன்னொரு பெட்டி அனுப்பச் சொல்லிக் காலையில்தான் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார்.

“டீச்சர், உங்க வீட்டுலதான் ஒரு கட்டு இருக்கே!”

“உங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?”

கடைக்காரருக்கு அலுத்துப் போய்விட்டது.

“கொஞ்சம் நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்? படிச்சவங்க, இப்படிக் குழாயடியில நிக்கற மாதிரி... அப்படி என்னதான் இருக்கு இதுல? நானும் கேட்டுத் தொலைக்கிறேன்.”

ஒன்றைப் பிடுங்கி, மேலுறையைக் கிழித்து, தட்டை எடுத்துப் பிளேயர் பக்கம் கொண்டுபோனார்.

“போடாதீங்க!”

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடைக்காரரின் கை அப்படியே நின்றது.

டீச்சர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்களுமா?”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“முதல் பாட்டோட நிறுத்திட்டேன் டீச்சர். மேல் ஸ்தாயிக்குப் போகவே முடியல அவங்களுக்கு. நடுவுல இருமல் வேற.”

“எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. காய்ச்சல்ல படுத்து எழுந்த கையோட பாட வச்சிருக்கானே அந்தக் கம்பெனிக்காரப் பாவி! எப்படிப் பாடின வாய் அது. இதைக் கேட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க? அதான் கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கிப் பரண்ல போட்டுட்டேன்.”

“நான் எக்ஸ்ரே ரூம்ல.”

“நீங்க விலை ஏத்தி விக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்!”

“நானும் உங்களை அப்படித்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.”

ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் கதவைத் திறந்து பிடிக்க, டீச்சர் களைத்துப்போய் மெதுவாகப் படியிறங்கினார்.

கடைக்காரர் கிழித்துப் போட்ட மேலுறையைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டார்.

“காலையில ஒரு பெட்டி சொன்னேனே, அது வேண்டாம்.”

“ஏன் சார்? நல்ல கிராக்கின்னீங்களே?”

“தப்பாச் சொல்லிட்டேன். போகவே இல்ல. இனிமே அனுப்பாதீங்க.”

வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, சாவியைத் தேடிக் கல்லாவில் உட்கார்ந்தார்.

“கடை சாத்திட்டீங்களா?”

கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மாள் வாசலில் நின்றிருந்தார். குரல் கரகரத்தது. அதே சி.டி.யின் பெயரைச் சொன்னார்.

“எத்தனை இருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துக்கறேன்.”

மூணாவது ஆளா! கடைக்காரருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

“எல்லாம் வித்துப் போச்சும்மா.”

“எல்லாமேவா?”

“ஒண்ணுகூட மிச்சமில்ல. நல்ல கிராக்கி.”

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வெளியிடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கம்பெனிக்காரன் மசியல. என் குரல் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கடையில இருக்கறதையாவது வாரிக்கிட்டுப் போயிடலாம்னு உடம்பு முடியாம வந்தேன்... அத்தனை பேர் வீட்டுக்கும் போயிடுச்சா?”

அட்டைப் படத்தில் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம். அரை வெளிச்சத்தில் அப்போதுதான் கடைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது.

முழங்கால் கடக்கென்று சத்தம் போட, எழுந்து நின்றார். எந்தக் கடைக்காரரும் எந்தப் பாட்டுக்காரரிடமும் சொல்லக் கூசுகிற வார்த்தையை வாய் நிறையச் சொன்னார்.

“கவலையே படாதீங்கம்மா. உங்க பாட்டைப் போட்டுக் கேட்ட ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்ல.”