மூக்கு நிமிர்ந்த ஃபியட்

பின்னால் ஆளுக்கொரு கதை பரப்பினார்கள் என்பதால், அன்று மாலை மயூர் விஹார் பிள்ளையார் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெண் அபூர்வாவின் அப்பா வாசுதேவன், அம்மா அனந்தலக்ஷ்மி, மூத்த மாப்பிள்ளை ப்ரசன்னா. பிள்ளை வீட்டில் மாப்பிள்ளை அர்ஜுன், அவன் அப்பா ஜெயகிருஷ்ணன், அம்மா வத்சலா. அபூர்வாவின் அலுவலக நண்பர்கள் அபிஷேக் முதலிய நான்கு பேர். நாதஸ்வர கோஷ்டி. இவர்களோடு இரண்டு கார்கள்.

மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துப் போகும் ஜானவாசம் புறப்பட வேண்டிய நேரம் தாண்டி அரை மணியாகியிருந்தது. மாப்பிள்ளை எந்தக் காரில் ஏறுவது என்பதுதான் தகராறு.

ஒன்று, வாசுதேவனின் கறுப்பு ஃபியட். 1966 மாடல். அவருடைய தங்கைகள் இருவரின் கணவர்களும், பிறகு ப்ரசன்னாவும், அதில்தான் ஊர்வலம் வந்தார்கள்.

மற்றொன்று, அர்ஜுனின் புது எலெக்ட்ரிக் கார். அவன் குர்காவ்னில் ஒரு கார் கம்பெனியின் வடிவமைப்பாளன். அதன் முன்முகத்தை வரைந்த குழுவில் அவனும் உண்டு. ஏழு பேர் இரண்டு வருடம் மூளையைக் கசக்கியதில், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்கள் கிடைத்திருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தைப் பூசி மெழுகியிருந்தார்கள். கதவுக் கைப்பிடிகள் கடன்காரனைக் கண்டதுபோல் உள்ளே ஒளிந்திருந்தன.

“அக்ரெஸிவ் லுக், மாமா. இப்போ எல்லாருக்கும் அதான் பிடிக்கறது,” என்றான் அர்ஜுன்.

“கல்யாணத்துக்கு வர்ற வண்டிக்கு யார் மேலப்பா கோபம்?” என்றார் வாசுதேவன்.

அர்ஜுன் நல்ல பையன். சிரித்துக்கொண்டே ஃபியட்டைச் சுற்றி வந்தான். வட்ட விளக்குகளையும் குரோமியப் பட்டையையும் தடவிப் பார்த்தான். பிறகு தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி அளந்துவிட்டு, முன்பக்கம் நாலு விரல் உயர்ந்து நிற்கிறதே, பழைய படங்களில் இப்படிப் பார்த்ததில்லையே என்றான்.

“தலை நிமிர்ந்து நிக்கறது. இப்பத்து வண்டிகள்தான் பால் திருட வந்த பூனையாட்டம் மூக்கைத் தரையில வெச்சுண்டு பதுங்கறதுகள்,” என்றார் வாசுதேவன்.

வத்சலா அசரவில்லை. தில்லியில் பதினைந்து வருடத்துக்கு மேலான பெட்ரோல் வண்டியை ஓட்டக் கூடாது என்று சட்டம் பேசினார். முப்பத்தாறு வருடம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவனுக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம், மீறல் எதுவும் நடக்காது என்றார் வாசுதேவன்.

“அச்சா. ஆனா, நடுவழியில நின்னுதுன்னா அர்ஜுன் இறங்கி எங்க வண்டியில ஏறிடுவான். ஆல்பத்துல அந்தப் படம்தான் இருக்கும். சம்மதமா மாமா?” என்றார் வத்சலா.

அனந்தலக்ஷ்மி கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சம்மதம் என்றார். இந்த வீட்டு மாப்பிள்ளை வாயில்லாத வண்டியில் வந்து இறங்கினான் என்று ஆல்பம் காலத்துக்கும் சொல்லுமானால், அப்புறம் அந்தக் காலனியில் அவர் எந்த முகத்தோடு காய்கறி வாங்கப் போவது?

ஊர்வலம் புறப்பட்டது. ப்ரசன்னா ஸ்டியரிங்கைப் பிடித்தான். பானெட்டே தெரியாதபடி சாமந்திச் சரம். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. நான்கு நண்பர்களும் டிக்கியில் கை வைத்தபடி பின்னால் நடந்தார்கள்.

இது என்ன என்று ஜெயகிருஷ்ணன் விசாரித்தார். பெண் வீட்டுப் பிள்ளைகள் மாப்பிள்ளை வண்டியைத் தொட்டபடியே வருவது வழக்கம், தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி என்று வாசுதேவன் விளக்கினார். ஜெயகிருஷ்ணன் நெகிழ்ந்துபோய்த் தானும் ஒரு கை வைத்தார்.

“சத்தமே தெரியலையே மாமா,” என்று அர்ஜுன் ஜன்னல் வழியாக வியந்தான். “என் வண்டியை விட ஸ்மூத்.”

அந்தக் காலத்து வேலைப்பாடு அப்படி என்று வாசுதேவன் ஒப்புக்கொண்டார்.

பின்னால் வத்சலாவைச் சுமந்து வந்த புதுக் கார்தான் பாவம். யாராவது குறுக்கே வந்தால் அலறிக்கொண்டு தானே பிரேக் போட்டுக்கொள்ளும் அறிவாளி வண்டி அது. ஜானவாசத்தில் ஆட்கள் குறுக்கே வராமல் மான்களா வரும்? பதினேழாவது முறை அலறிய பிறகு, திரையில் ஏதோ மன்னிப்பு எழுதிக் காட்டிவிட்டு அது நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. வத்சலா பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபம் வரை நடந்தார்.

ஃபியட் வாசலில் வந்து நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். படமும் எடுத்தாயிற்று.

ராத்திரிப் பந்தியில் முணுமுணுப்பு கிளம்பியது. அபிஷேக்கின் குர்தா தொப்பலாக நனைந்திருந்ததையும், அவன் “பையா, பானி” என்று மூன்று தம்ளர் தண்ணீர் குடித்ததையும் யாரோ பார்த்துவிட்டார்கள். ரசம் வருவதற்குள் கதை முழுசாகிவிட்டது. ஃபியட் பால் பூத்துக்கு எதிரே நின்றுபோனதாம். அங்கிருந்து பையன்கள் தள்ளியே கொண்டு வந்தார்களாம். ஆகவே, பேசிய பேச்சுப்படி நாளைக் காலை எங்கள் காரில் இன்னொரு ஊர்வலம் என்று பிள்ளை வீட்டார் தீர்மானித்தும் விட்டார்கள்.

வத்சலா நேராக வாசுதேவனின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். “உங்க வண்டி நடுவழியில நின்னுதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கோ மாமா.”

அனந்தலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். வாசுதேவன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார். குடும்பத்து வண்டியைப் பற்றி ஒரு பொய் உலவுவதை அவர் பொறுத்துக்கொள்வதாக இல்லை.

“பால் பூத் கிட்ட நின்னுதுங்கறது சுத்த வதந்தி. கோயில்லேர்ந்தே தள்ளிண்டுதான் வந்தா. அதுல எஞ்சினே கிடையாது, மாமி.”